ஹேக்லர் தோற்றாரா என்று கேட்ட மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன், ஒரு தடவை இல்லை, நாலு தடவை. ஃபுளோரிடாவில் அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் ராய் ஜோன்ஸின் வீட்டுக்கே தேடிப்போய், அவரை ஜெயித்ததாகத் தீர்ப்பு வாங்கிய தென் கொரியாவின் பார்க் சி-ஹுன் அந்த 1988 ஒலிம்பிக் தங்கப் பதக்கத்தை எடுத்து அவர் கையில் கொடுக்கிறார், ஜோன்ஸுக்குக் கண் கலங்கிவிடுகிறது. பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்த உன் அம்மா, "இவ்ளோ பெரிய ஆளு எதுக்கு அழறாரு?" என்று கேட்டாள். நான் கதையைச் சொல்லி முடிப்பதற்குள் கீரை முழுக்க ஆய்ந்து முடிந்துவிட்டது.

அதுக்குக் கீழே நீ கேட்டிருந்தாயே, "உங்க ஹேக்லரையும் இப்படித்தானே ஏமாத்தினாங்க?" என்று, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் பாதியிலேயே "மீட்டிங் இருக்குப்பா" என்று வைத்துவிடுவாய்.

மிடில்வெயிட் குத்துச்சண்டை உலக சாம்பியனாக இருந்த நம் ஹேக்லரையும் இப்படித்தான் என்று சொல்ல முடியாதும்மா. சோல் ஒலிம்பிக்கில் நடந்தது வேறு. ஜோன்ஸுக்கு அப்போது 19 வயது. இறுதிப் போட்டியில் மூன்றே ரவுண்டு. எண்ணிப் பார்த்தவர்கள் கணக்கில் ஜோன்ஸ் அடித்ததில் 86 குத்து விழுந்தது, பார்க் அடித்ததில் 32. ஐந்து நடுவர்களில் சோவியத்காரரும் ஹங்கேரிக்காரரும் ஜோன்ஸுக்குப் போட்டார்கள், மற்ற மூன்று பேர் உள்ளூர்க்காரருக்கு. அமெரிக்கப் பையனுக்கு சோவியத் நடுவர் நியாயம் சொல்கிறார் என்றால் அந்தக் காலத்தில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியாது. லஞ்சம் வாங்கினார்கள் என்று அப்புறம் நடந்த விசாரணையில் நிரூபிக்க முடியவில்லை, சரி. ஆனால் அந்த ஒலிம்பிக்கின் சிறந்த குத்துச்சண்டை வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையை வெள்ளி வாங்கிய ஜோன்ஸிடம்தானே கொடுத்தார்கள்? அடுத்த ஒலிம்பிக்கில் மார்க் போட கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தார்கள். அழுகுணி ஆட்டம் என்றால் அதுதான்.

லாஸ் வேகாஸ், 1987 ஏப்ரல் 6, ஹேக்லரும் சுகர் ரே லெனார்டும் மோதிய நாள். இதையும் நான் இத்தனை வருஷமாக அதே கணக்கில் எழுதி வைத்திருந்தேன். லெனார்டுக்கு விழித்திரை பிய்ந்து ஆபரேஷன் ஆகி, 1984இல் ஒரே ஒரு சண்டை போட்டு, அதிலும் கீழே விழுந்து எழுந்து ஜெயித்து, ஓய்வு என்று அறிவித்துவிட்டு, மூன்று வருஷம் கழித்து நேராக ஹேக்லரிடம் வந்து நின்றார். ஹேக்லர் பட்டத்தை 12 முறை காப்பாற்றியிருந்தவர். 15 ரவுண்டு வேண்டாம், 12 போதும் என்று லெனார்டு கேட்டார். பெரிய ரிங் கேட்டார், கனமான கிளவுஸ் கேட்டார். ஹேக்லர் கூடுதல் பணம் வாங்கிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் அப்போது பக்கத்தில் இருந்திருந்தால் பேனாவைப் பிடுங்கியிருப்பேன்.

ஒவ்வொரு ரவுண்டிலும் ஜெயித்தவருக்கு 10, தோற்றவருக்கு 9 என்று மூன்று நடுவர்கள் போட்டுக் கூட்டுவார்கள். தீர்ப்பு இரண்டுக்கு ஒன்று. ஒருவர் ஹேக்லருக்கு 115–113, ஒருவர் லெனார்டுக்கு 115–113. மூன்றாவது நடுவர் லெனார்டுக்கு 118–110 போட்டார். அதாவது 12 ரவுண்டில் ஹேக்லர் ஜெயித்தது இரண்டே இரண்டு! அந்த மனுஷர் எந்தச் சண்டையைப் பார்த்தார் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இதை வைத்து உன் மாமாவுக்கும் எனக்கும் ஒரு மாதம் பேச்சுவார்த்தையே இல்லை, உன் அம்மாதான் நடுவில் தூது.

போன வாரம் உன் வீடியோவைப் பார்த்த சூட்டில் அந்தச் சண்டையை மறுபடி போட்டேன். இந்த முறை டிவி சத்தத்தை அணைத்துவிட்டேன், ஏனென்றால் கூட்டம் லெனார்டு கையைத் தூக்கினாலே கத்துகிறது, நம் கண்ணும் அதோடு போய்விடுகிறது. நீ சின்ன வயசில் என் மடியில் உட்கார்ந்து மார்க் போடுவாயே, அதே மாதிரி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலால் 10–9, 10–9 என்று எழுதிக்கொண்டே வந்தேன்.

முதல் நாலு ரவுண்டிலேயே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது. இடதுகைக்காரரான ஹேக்லர் எந்தப் புத்தியில் வலதுகைக்காரர் மாதிரி நின்று தொடங்கினாரோ! அந்த ரவுண்டுகளைத் தாரை வார்த்துவிட்டார். அப்புறம் லெனார்டு செய்கிற வேலையைப் பார்: ரவுண்டு முழுக்க ஓடுவார், பிடிப்பார், கடைசி அரை நிமிஷத்தில் படபடவென்று பத்துக் குத்து விடுவார். அதில் பாதி கிளவுஸில்தான் படுகிறது, ஆனால் மணி அடிக்கும்போது கண்ணில் நிற்பது அதுதான். நூலிழையில் எடுத்த ரவுண்டுக்கும் 10–9தான், அடித்து நொறுக்கிய ரவுண்டுக்கும் 10–9தான். ஐந்தாவதில் ஹேக்லரின் வலதுகை கீழிருந்து மேலே ஏறி லெனார்டின் காலை ஆட்டியதே, அதற்கும் ஒரே ஒரு பாயின்ட். ஒன்பதாவதை மூன்று முறை பின்னால் ஓட்டினேன். லெனார்டு மூலையில் மாட்டிக்கொண்டு நிற்கிறார், முடிந்தது என்று நினைக்கிறோம், அங்கிருந்தே திருப்பி அடித்துக்கொண்டு வெளியே வருகிறார். இவ்வளவு நாள் கோபத்தில் அதைச் சரியாகவே பார்க்கவில்லை என்று சொல்லவேண்டும். அந்த ரவுண்டை ஹேக்லருக்குத்தான் கொடுத்தேன், ஆனால் கை கூசியது.

நடுவர் கணக்கே தேவையில்லாமல் முடித்தவரும் உண்டு. அதே 1987 மார்ச்சில்தான் முன்னாள் ஹெவிவெயிட் சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் பத்து வருஷம் பிரசங்கம் செய்துவிட்டுத் திரும்ப வந்தார். 1994இல் சாம்பியன் மைக்கேல் மூரருடன் மோதும்போது அவருக்கு 45 வயது, மூன்று நடுவர்களின் கணக்கிலும் பின்தங்கியிருந்தார், பத்தாவது ரவுண்டில் ஒரு வலதுகைக் குத்து, மூரர் விழுந்தார், முடிந்தது. 20 வருஷம் முன்பு அலியிடம் தோற்றபோது போட்டிருந்த அதே டிரவுசரோடு. மூன்று வருஷம் கழித்து ஷானன் பிரிக்ஸுடன் அந்த வலதுகை அமையவில்லை, தீர்ப்பை நடுவர்களிடம் விட்டார், தோற்றார். அதிலும் எனக்கு ஒரு கணக்கு இருக்கிறது, வேண்டாம், இன்னொரு நாள்.

ஹேக்லர் அப்புறம் ரிங்குக்குள் வரவே இல்லை. லெனார்டோடு மறுபடி ஒரு சண்டைக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு இத்தாலிக்குப் போய்விட்டார். 2021இல் அவர் இறந்த செய்தி வந்த அன்று உன் மாமா போன் செய்து, "மச்சான், அன்னைக்கு உங்க ஆளுதான் ஜெயிச்சாரு" என்றார். முப்பத்துநாலு வருஷம் கழித்து. எனக்குப் பதில் பேச வரவில்லை.

இப்போது என் காலண்டர் தாளில் கூட்டிப் பார்த்தால் 114–114 வருகிறது. இரண்டு தடவை கூட்டினேன். டிரா ஆனால் பட்டம் சாம்பியனிடமேதான் இருக்கும், அதனால் ஹேக்லர்தான் சாம்பியன், அதில் மாற்றமில்லை. ஆனாலும் உன் மாமாவிடம் இந்த மார்க்கைச் சொல்லிவிடாதே. நீயும் ஞாயிற்றுக்கிழமை சத்தத்தை அணைத்துவிட்டு மார்க் போட்டு, தாளைப் போட்டோ எடுத்து அனுப்பு. ஒன்பதாவதை யாருக்குக் கொடுத்தாய் என்று முதலில் எழுது.

அன்புடன்,
அப்பா