தலைவர் ஐயாவுக்கு: 2015 தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை

மதிப்பிற்குரிய ஆலயத் தலைவர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை நடந்த செயலவைக் கூட்டத்தில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நம் நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பைக் காட்டி நீங்கள் சொன்ன பதிலை அங்கேயே எழுந்து மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் பந்தல் வாடகையிலும் அன்னதானக் கணக்கிலும் இரண்டு மணி நேரம் கரைந்த பிறகு, எல்லோரும் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு எழும் வேளையில் சட்டம் பேசினால் யார் காதிலும் ஏறாது. அதனால்தான் எழுதுகிறேன். பொதுவில் வெளியாகும் கடிதம் என்பதால் நம் பட்டணத்தின் பெயரையும் ஆலயத்தின் பெயரையும் விட்டிருக்கிறேன். பால்குடப் பதிவில் பெயர் அடிக்கப்பட்ட அந்தத் திருநங்கையின் பெயரையும்தான்.

அவரை உங்களுக்குத் தெரியும். பசார் முனையில் பூக்கட்டி விற்பவர். ரப்பர் தோட்டத்தில் லயங்கள் இருந்த காலத்தில் அவருடைய தகப்பனார் பால்மரம் சீவியவர். வெள்ளிக்கிழமைகளில் அம்மனுக்குச் சாத்தும் மாலை பல ஆண்டுகளாக அவர் கையால் கட்டியது. அதற்கு நாம் ஒரு நாளும் ஐசி (அடையாள அட்டை) கேட்டதில்லை. பால்குடத்துக்குப் பெயர் பதிந்த அன்று அவரும் வரிசையில் நின்று, பெயரைச் சொல்லி, அட்டையை மேசைமேல் வைத்தார். பெண்கள் பக்கத்தில் பெயரை எழுதிவிட்ட தம்பி, எண்ணைப் பதியும்போதுதான் கடைசி இலக்கத்தைப் பார்த்தார். நம் மலேசிய அடையாள அட்டையில் ஆணுக்கு அது ஒற்றைப்படை, பெண்ணுக்கு இரட்டைப்படை. பெயரின்மேல் நீல மையில் ஒரு கோடு விழுந்தது. ஆண்கள் பக்கத்தில் எழுதவும் யாருக்கும் கை வரவில்லை. அவர் அட்டையை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, பைக்குள் வைத்துக்கொண்டு போனார். அட்டையில் அழுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

கூட்டத்தில் ஒருவர் இதைக் கேட்டபோது, "கூட்டரசு நீதிமன்றமே 2015-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது, சட்டத்தை மீறி நான் ஆலயம் நடத்த முடியாது" என்று பதில் சொன்னீர்கள். நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த ஒரு வாக்கியத்தைத் தாண்டிப் போக முடியவில்லை.

அந்த வழக்கு நம் மாநிலத்து வழக்கு. நெகிரி செம்பிலானின் 1992-ஆம் ஆண்டு ஷரியா குற்றவியல் சட்டத்தின் 66-ஆவது பிரிவு, பொது இடத்தில் பெண்ணுடை அணியும் ஆணுக்கு ஆயிரம் ரிங்கிட் வரை அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கிறது. அதை எதிர்த்து முஸ்லிம் திருநங்கைகள் சிலர் செரம்பான் உயர்நீதிமன்றத்துக்குப் போனார்கள், 2012-இல் தோற்றார்கள். 2014 நவம்பர் 7-ஆம் நாள் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில், நீதிபதி முகமட் ஹிஷாமுடின் தலைமையிலான அமர்வு அந்தப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. மருத்துவர்கள் உறுதிசெய்த பாலின அடையாள நிலையோடு வாழும் ஒருவர் வீட்டை விட்டு வெளியே காலெடுத்து வைத்தாலே குற்றவாளி என்றால், அவருக்கு மானத்தோடு வாழும் உரிமை எங்கே, நடமாடும் உரிமை எங்கே என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நீங்கள் சொல்லும் 2015 அக்டோபர் 8-ஆம் நாள் தீர்ப்பு இதைத்தான் கவிழ்த்தது, உண்மை. ஆனால் எந்தக் காரணத்தால் என்பதைப் பார்க்க வேண்டும். ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு அந்தச் சட்டத்தை இயற்றும் அதிகாரமே இல்லை என்று வாதிடுகிறவர், அரசியலமைப்பின் 4-ஆவது விதியின்படி முதலில் கூட்டரசு நீதிமன்ற நீதிபதி ஒருவரின் அனுமதியைப் பெற்று அங்கேயே வழக்கைத் தொடங்க வேண்டும். இவர்கள் செரம்பானில் தொடங்கியதால் வழக்கு வந்த வழியே தவறு என்றது கூட்டரசு நீதிமன்றம். அந்தத் திருநங்கைகளின் உரிமை பற்றிய கேள்விக்கு அது விடை சொல்லவே இல்லை. வாசல் மாறி வந்தவரைத் திருப்பி அனுப்புவதும், உனக்கு இந்த வீட்டில் பங்கில்லை என்பதும் ஒன்றாகுமா, ஐயா? பின்னாளில் சிலாங்கூரிலிருந்து ஒருவர் சரியான வாசல் வழியாகப் போனார். 2021 பிப்ரவரியில் ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, இயற்கைக்கு மாறான உறவைக் குற்றமாக்கிய அம்மாநில ஷரியா சட்டத்தின் 28-ஆவது பிரிவு செல்லாது என்றார்கள். அதையும் நான் கூட்டிச் சொல்லக் கூடாது: அது கூட்டரசுச் சட்டம் ஏற்கெனவே கையாளும் குற்றம், மாநிலத்துக்கு அதில் அதிகாரமில்லை என்பது மட்டுமே அந்தத் தீர்ப்பு. அந்த உறவைப் பற்றிய கூட்டரசுத் தண்டனைச் சட்டத்தின் 377ஏ பிரிவு அப்படியே இருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஷரியா சட்டம் முஸ்லிம்களுக்கு உரியது. அடுத்த சமயத்தாரின் சட்டத்தில் தலையிடுவது என் நோக்கமன்று. அவர்களுடைய சட்டத்தை நம் பூக்காரப் பெண்ணின்மேல் போர்த்த வேண்டாம் என்றுதான் கேட்கிறேன்.

ஐசி எண்ணைப் பற்றியும் நம் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசியதில்லை. 2005-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜேம்ஸ் ஃபூங், அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவரைப் பெண் என்று அறிவித்து, அட்டையின் கடைசி இலக்கத்தை மாற்றும்படி பதிவுத்துறைக்கு ஆணையிட்டார். அதே காலத்தில் ஈப்போவில் இதுபோன்ற வேறொரு மனு தள்ளுபடியானது. 2016-இல் நீதிபதி நந்தபாலன் ஒரு திருநம்பிக்கு (பெண்ணாகப் பதியப்பட்டு ஆணாக வாழ்பவருக்கு) சாதகமாகத் தீர்ப்பளித்தார். மறு ஆண்டே மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. ஆக, நம் பெண்ணின் அட்டையில் ஒற்றைப்படை எண் இன்னும் பல காலம் இருக்கக்கூடும். ஆனால் பால்குடம் எடுக்க ஐசியின் கடைசி இலக்கம் வேண்டும் என்று எந்த நீதிமன்றம் சொன்னது?

கோயிலும் சட்டமும் நேராகச் சந்தித்த வழக்கு ஒன்று தமிழ்நாட்டில் உண்டு. 2018-இல் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் இளைஞரும் ஒரு திருநங்கையும் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். 2019 ஏப்ரல் 22-ஆம் நாள் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டத்திலுள்ள மணமகள் என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று கூறி, திருமணத்தைப் பதியச் சொன்னார். தன் பாலினத்தைத் தானே அறிவிக்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று 2014-இல் இந்திய உச்சநீதிமன்றம் சொன்னதே அதற்கு அடிப்படை. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் நம் ஆகமத்தையும் ஐயரையும் அங்கிருந்துதானே வரவழைக்கிறோம்!

உங்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பாலின அடிப்படையில் பாகுபாடு கூடாது என்று 2001-இல் நம் அரசியலமைப்பின் 8-ஆவது விதியில் ஒரு சொல் சேர்க்கப்பட்டது. இருந்தும், கருவுற்றதால் வேலை இழந்த ஒரு விமானப் பணிப்பெண்ணின் வழக்கில், அந்த விதி அரசைத்தான் கட்டுப்படுத்தும், தனியாரை அன்று என்று 2005-இல் கூட்டரசு நீதிமன்றம் கூறியது. எனவே நம் செயலவையை எந்த நீதிபதியும் வந்து கட்டாயப்படுத்தப் போவதில்லை. நீங்கள் மறுக்கலாம். ஆனால் மறுப்பது நீங்கள்தான்.

இதை நான் ஒன்றும் உயரத்தில் நின்று சொல்லவில்லை. நான் நீதிமன்றத்தில் வேலை பார்த்தபோது, 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றச் சட்டத்தின் கீழ் ஒரு திருநங்கையைக் கூண்டில் நிறுத்தியிருந்தார்கள். குற்றப் பத்திரிகையில் மலாய் மொழியில் 'தீடாக் செனொனோ' என்று இருந்ததை நான் அவருக்குத் தமிழில் சொல்ல வேண்டும். ஒழுங்கற்ற நடத்தை என்று சொல்லியிருந்தால் போதும். என் வாயில் வந்தது 'அருவருப்பான நடத்தை'. அவர் என்னைத்தான் பார்த்தார், நீதிபதியை அல்ல. அந்தச் சொல்லைச் சட்டம் கொடுக்கவில்லை, நான் கொடுத்தேன்.

பதிவுப் புத்தகம் வருகிற வெள்ளிக்கிழமை வரை திறந்திருக்கும் என்று அறிவிப்புப் பலகையில் பார்த்தேன். கோடு போட்ட பெயரை மீண்டும் எழுதச் சொல்லுங்கள். முடியாது என்றால், அந்த முடிவையும் அதற்கான காரணத்தையும் செயலவைக் குறிப்பேட்டில் உங்கள் கையொப்பத்தோடு பதியுங்கள். கூட்டரசு நீதிமன்றத்தை அதில் இழுக்காதீர்கள். 2015 தீர்ப்பின் நகலை எடுத்துக்கொண்டு வெள்ளிக்கிழமை மாலை பூசைக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஆலய ஆயுள் உறுப்பினர் ஒருவர்