குடத்தைக் கீழே வைக்கச் சொன்னவர்களுக்கு

வணக்கம். பெயர் போட்டு நன்றி சொன்னால் உங்களில் பாதிப் பேருக்குக் கோபம் வரும். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

2020 மே மாதம் புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா இறந்தார். இங்கே சிங்கப்பூரில் சர்க்கிட் பிரேக்கர், அதாவது கொரோனா முடக்கம். இந்தியாவோ மார்ச்சிலேயே அனைத்துலக விமானங்களை நிறுத்தியிருந்தது. அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். இளையவன் நான். ஈசூனில் இருக்கும் வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறையில் நின்று கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்தான் கொள்ளிச்சட்டி ஏந்தினார். குடம் உடைத்தார்கள். கொள்ளி வைத்த கையோடு திரை கறுத்துவிட்டது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை.

வேண்டுமென்றே நிறுத்திவிட்டார் என்று முடிவு கட்டினேன். அப்புறம் அவரோடு பேச்சே இல்லை. 2022 மார்ச் இறுதியில் விமானங்கள் பழையபடி ஓடத் தொடங்கியும் ஊருக்குப் போகவில்லை. லீவு இல்லை என்றேன், டிக்கெட் விலை என்றேன்.

எதிர்வீட்டு மாக்சிக் (மலாய் அத்தை), அம்மா இறந்த அந்த வாரம் மூன்று நாள் எங்கள் கம்பிக் கதவில் கஞ்சிப் பை மாட்டிவிட்டுப் போனீர்கள். துக்க வீட்டில் கறி சேர்க்க மாட்டார்கள் என்று யாரிடம் கேட்டீர்களோ, ஒரு துண்டு கறி இல்லை. உப்புதான் கொஞ்சம் கூடுதல்.

2023 தைப்பூசத்தில் பால்குடம் எடுத்தால் மனசு இறங்கும் என்று நம்பிப் போனேன். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில்வரை பக்கத்திலேயே நடந்து வந்த தம்பி, பாலைக் கொடுத்துவிட்டு வெறுங்குடத்தைத் திரும்பத் தலையில் வைத்துக்கொண்டு நின்றவனிடம் நீ சொன்னது இதுதான்: "அண்ணே, பால் போயாச்சு. குடத்தைக் கீழ வைங்க." சிரித்தோம். ஆனாலும் மனசு இறங்கவில்லை.

ஒருநாள் விடியற்காலை மூன்று மணிக்கு 1767 என்ற உதவி எண்ணுக்கு அழைத்தேன். உயிரை மாய்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்குத்தானே அந்த எண், எனக்கு எதற்கு என்று பல மாதம் தள்ளிப்போட்டிருந்தேன். அப்படி இல்லையாம். மறுமுனையில் இருந்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. உடைந்த ஆங்கிலத்தில் நான் அழுது முடிக்கும்வரை இருந்தார். உங்கள் முகம் எனக்குத் தெரியாது. நன்றி.

பலதுறை மருந்தகம் வழியாகச் சந்தித்த ஆலோசகர் அம்மாவுக்குத்தான் பெரிய கடன். இரண்டு சந்திப்புகள் அண்ணனைத் திட்டித் தீர்த்தேன். மூன்றாவதில் கேட்டீர்கள்: "அன்றைக்கு உங்கள் அண்ணன் எப்படி இருந்தார்?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கும் அது அம்மா என்பதே என் கணக்கில் இல்லை. போகாமல் போனேனே என்று என்மேல் இருந்த ஆத்திரத்தைத்தான் அவர் தலையில் ஏற்றியிருக்கிறேன். அது எனக்குப் புரிய இன்னும் நாலு சந்திப்பு ஆனது. நான் கொஞ்சம் மந்தம்.

போன மாதம் அண்ணனை அழைத்தேன். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். சிறிது நேரம் சத்தமே இல்லை. "கொள்ளி வெச்சா திரும்பிப் பாக்காமப் போகணும்டா. போன ஓடவிட்டிருந்தா நீ திரும்பிப் பாத்துக்கிட்டே நின்னிருப்ப. அதான் நிறுத்தினேன். உனக்கும் சேர்த்துத்தான் நான் வெச்சேன்."

பிறகு ஏன் எடுக்கவில்லை என்றேன். "அழுதுக்கிட்டு இருந்தேன். எடுத்து என்ன பேச?"

மனைவிக்கும் நன்றி. "இப்பத்தான் ஞாபகம் வந்ததா" என்பாள், பரவாயில்லை.

அண்ணே, திருச்சிக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். திதிக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடுவேன். முழங்கால் வலியோடு விமான நிலையத்துக்கு அலைய வேண்டாம், நானே பஸ் பிடித்து வருகிறேன். தைலம் எத்தனை பாட்டில் வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.