ட்ரோல்துங்கா படம் போட்டீர்கள், போகிற வழியைப் போடவில்லையே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், நார்வேயின் ட்ரோல்துங்கா பாறை நுனியில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் படத்தை அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்கள். படம் அருமை, அதில் சந்தேகமில்லை. கீழே இருந்த குறிப்பில் சொர்க்கம் என்று இரண்டு தடவை வந்தது. அங்கே போய்ச் சேர எவ்வளவு நடக்க வேண்டும் என்பது ஒரு தடவைகூட வரவில்லை.

எனக்குச் சொந்த ஊர் கும்பகோணம் பக்கம். நார்வேயின் ஸ்டவாங்கர் நகரில் எண்ணெய்த் துறையில் வேலை. இந்த மலைகளில் வருஷக்கணக்காக நடக்கிறவன் என்பதால் சொல்கிறேன், அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பிள்ளைகள் டிக்கெட் போடுவார்களோ என்று நினைத்தால் கொஞ்சம் பக்கென்றுதான் இருக்கிறது.

கீழே ஷெகெடால் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டு ட்ரோல்துங்கா போய்த் திரும்ப 27 கிலோமீட்டர், 10 முதல் 12 மணி நேரம். மேலே இன்னொரு வண்டி நிறுத்துமிடம் இருக்கிறது, அங்கே இடம் கிடைத்தால் 20 கிலோமீட்டரில் முடியும், ஆனால் அதில் சில வண்டிகளுக்குத்தான் இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் வழிகாட்டி இல்லாமல் போகலாம் என்கிறார்கள். படத்தில் ஆள் தனியாக இருப்பதுபோலத் தெரிகிறதே, கோடையில் அவருக்குப் பின்னால் ஒரு பெரிய வரிசையே நிற்கும், தன் முறை வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆவதும் உண்டு. அந்த வரிசையைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். நாலைந்து மணி நேரம் ஏறி, உள்ளே போட்ட பருத்தி டி-ஷர்ட் வியர்வையில் தொப்பலாக நனைந்திருக்கும். ஏறுகிற வரை குளிரே தெரியாது. காற்று அடிக்கிற அந்தப் பாறையில் சும்மா நிற்க ஆரம்பித்ததும் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், பல் கிட்டித்துவிடும், விரல் மடங்காது, போனைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாது. அப்புறம் அதே உடம்போடு 13 கிலோமீட்டர் இறங்க வேண்டும்.

இங்கே உள்ளவர்கள் ஜூலையிலும் பையில் மெல்லிய கம்பளி உள்ளாடை ஒன்றைச் சுருட்டி வைத்திருப்பார்கள். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூட்டைக் காக்கும். மேலே போய்ச் சேர்ந்ததும் முதலில் செல்ஃபி எடுப்பதில்லை, ஒரு கல்லுக்குப் பின்னால் ஒதுங்கி ஈரத்தைக் கழற்றிவிட்டு உலர்ந்ததை மாட்டிக்கொள்கிறார்கள். நம்ம பிள்ளைகளோ ஜீன்ஸோடு வருகிறார்கள். ஜீன்ஸ் நனைந்தால் என்ன கனம் கனக்கும் என்று நம் ஊர் மழையில் சைக்கிள் ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஈழத்தமிழர்களில் நிறையப் பேர் எண்பதுகளிலேயே இங்கே வந்துவிட்டவர்கள், அவர்கள் பிள்ளைகள் பனிச்சறுக்குக் கட்டையோடு வளர்ந்தவர்கள், அவர்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. வேலைக்கும் படிப்புக்கும் புதிதாக வருகிறவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். ஆகஸ்டில் வந்து இறங்குவார்கள், செப்டம்பருக்குள் ப்ரைகஸ்டோலன் என்ற பாறை விளிம்புக்குப் போய் 604 மீட்டர் உயரத்தில் நின்று ஒரு படம் எடுத்து ஊருக்கு அனுப்பியாக வேண்டும். அதிலும் தவறில்லை. போய்வர எட்டு கிலோமீட்டர்தான், நேபாளத்திலிருந்து ஷெர்பாக்களை வரவழைத்துக் கல்படி போட்ட பாதை, சாதாரண உடம்புக்குக் கோடையில் நான்கு மணி நேரம். ஆனால் அதே பாதை நவம்பரில் பனிக்கட்டி படிந்து கிடக்கும்போது வேறு பாதை. மேலே விளிம்பில் கம்பித் தடுப்பும் கிடையாது.

நார்வேக்காரர்களும் பிறக்கும்போதே இதையெல்லாம் தெரிந்துகொண்டு பிறக்கவில்லை. 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் 18 பேர் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகுதான் மலைக்கான விதிகளை ஊரெல்லாம் பரப்பினார்கள், இங்கே எல்லாரும் மலைக்கு எடுத்துப்போகிற க்விக் லுன்ஷ் சாக்லேட்டின் உறைக்குள்கூட அச்சடித்தார்கள். 2016-இல் திருத்தி எழுதினார்கள், இப்போது ஒன்பது விதிகள். முதல் விதி, திட்டம் போடு, எந்த வழியாகப் போகிறாய் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ. எட்டாவது, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் இல்லை.

இந்த எட்டாவது விதிதான் நமக்குத் தகராறு. ஷெராக் என்று ஒரு மலை, லீசே ஃபியோர்டுக்கு (மலைகளுக்கு நடுவே நீளமாக உள்ளே புகுந்த கடல்) மேலே 984 மீட்டர் உயரத்தில் இரண்டு பாறைகளுக்கு நடுவே ஓர் உருண்டைக் கல் செருகி நிற்கும், அதன் மேல் ஏறி நின்று படம் எடுப்பது பிரபலம். சங்கிலியைப் பிடித்து ஏறுகிற வழுக்குப் பாறைப் பாதை. ஒரு ஜூன் மாதம் பாதி வழியில் மூடுபனி இறங்கிவிட்டது. எனக்கு முன்னால் போன ஒரு நார்வேக் குடும்பம், இரண்டு சின்னப் பிள்ளைகள், ஒரு பாறை மறைவில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துத் தின்றுவிட்டு அப்படியே திரும்பி இறங்கியது. பிள்ளைகள் சிணுங்கக்கூட இல்லை. அவர்களைத் தாண்டி நம்ம பையன்கள் ஐந்தாறு பேர் மேலே போனார்கள். திரும்பிவிடுங்கள் தம்பி, கல் ஈரமாக இருக்கிறது என்றேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சுண்ணா" என்றான் ஒருவன். ராத்திரி நேரம் கழித்துப் பத்திரமாக இறங்கிவிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. நல்லவேளைதான். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பதாலேயே அடுத்த முறையும் அப்படித்தான் போவார்கள், இன்னும் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு.

மாட்டிக்கொண்டால் ஹெலிகாப்டர் வரும், காசும் கேட்க மாட்டார்கள் என்று ஒரு தைரியம் வேறு. காசு கேட்பதில்லை என்பது உண்மை. அடர்ந்த மூடுபனியில் ஹெலிகாப்டர் நெருங்க முடியாது என்பதும் உண்மை. அப்போது நடந்து வருகிறவர்கள் பெரும்பாலும் செஞ்சிலுவைச் சங்கத் தன்னார்வலர்கள், நம்மைப் போல வேலைக்குப் போய்விட்டு வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவர்கள்.

இனி ஊரிலிருக்கிற அப்பா அம்மாக்களுக்கு, இந்தப் பகுதியை அவர்கள்தானே முதலில் படிப்பார்கள். மலைக்குப் போகிறேன் என்றதும் வாட்ஸப்பில் "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறீர்கள். பிள்ளை போகாமலா இருக்கிறான்? சொல்லாமல் போகிறான். படம் மட்டும் இரண்டு நாள் கழித்து வருகிறது. முதல் விதியே யாரிடமாவது சொல்லிவிட்டுப் போ என்பதுதான், அந்த விதியை உடைக்க வைப்பது நாம்தான். போகாதே என்பதற்குப் பதில் எந்த மலை, யாரோடு, எத்தனை மணிக்கு இறங்குவாய் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சொன்ன நேரம் தாண்டி வெகுநேரம் பேச்சே இல்லையென்றால் யாருக்கு அழைப்பது என்று அவன் கூட வசிக்கும் ஒருவரின் எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இங்கே போலீஸ் எண் 112, மலையில் தொலைந்தவர்களைத் தேடும் வேலையும் அங்கிருந்துதான் தொடங்கும்.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை. வீட்டுக்குள் அடைந்து கிடந்து சீரியல் பார்த்துக் குளிர்காலத்தைத் தள்ளுகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்கு உண்மையில் வருத்தம். இங்கே நான்கு மணிக்கு அலுவலகம் முடிகிறது, ஜூனில் சூரியன் மறைய ராத்திரி பதினொன்றாகிவிடும். பக்கத்து ஊரான சான்ட்னஸில் டால்ஸ்னூட்டன் என்று 324 மீட்டர் குன்று, வேலை முடிந்து ஏறி இறங்கிவிட்டு வீட்டுக்கு வந்து ரசம் வைக்க நேரம் இருக்கும். 1957-இல் போட்ட சட்டப்படி பயிரிடாத நிலத்தில் யார் வேண்டுமானாலும் நடக்கலாம், வீடுகளிலிருந்து 150 மீட்டர் தள்ளிக் கூடாரமும் போடலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். காட்டுப் பகுதியில் ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை தீ மட்டும் மூட்டக் கூடாது.

1868-இல் தொடங்கிய மலையேற்றச் சங்கத்துக்கு நாடு முழுக்க 500-க்கும் மேற்பட்ட குடில்கள். பலவற்றில் ஆளே கிடையாது. உறுப்பினர் சாவியால் திறந்து உள்ளே போனால் அலமாரியில் டின் மீன், பட்டாணி, காய்ந்த ரொட்டி எல்லாம் அடுக்கியிருக்கும். எடுத்ததற்கு நாமே கணக்கெழுதிக் காசு கட்ட வேண்டும், கிளம்பும் முன் விறகு வெட்டி வைத்து, தரையைக் கூட்டிவிட்டுப் போக வேண்டும். (நம் பொங்கல் விழா முடிந்ததும் ஹாலைக் கூட்ட ஆள் தேடி அலைவது தனிக் கதை.) சாப்பாட்டு விஷயத்தில் ஒரு யோசனை, எலுமிச்சைச் சோறு கட்டிக்கொண்டு போகாதீர்கள், குளிரில் விறைத்துக் கல் மாதிரி ஆகிவிடும். சப்பாத்தியில் உருளைக்கிழங்கைச் சுருட்டி எடுத்துப் போங்கள், கையுறையைக் கழற்றாமலே தின்னலாம்.

நம் ஊரிலும் 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் 23 பேரைப் பறிகொடுத்தோம். அதற்குப் பிறகு பத்திரிகைகள் எழுதியதெல்லாம் யார்மீது தப்பு என்பதைத்தான், போகிறவர் என்ன தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பதை ஒழுங்காக எழுதிய கட்டுரை என் கண்ணில் அதிகம் படவில்லை. ஆகவே கேட்கிறேன், அடுத்த முறை இப்படி ஒரு படம் போட்டால் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மணி நேரம், எந்த மாதங்கள், என்ன உடுப்பு. விளம்பரத்துக்கு இடம் போதவில்லை என்றால் படத்தைக் கால் பக்கமாகக் குறைத்துக்கொள்ளுங்கள், பாறை அப்போதும் பெரிதாகத்தான் தெரியும். முடிந்தால் ஜூலைக்குள் போடுங்கள், ஆகஸ்டில் அடுத்த கூட்டம் வந்து இறங்கிவிடும்.

இப்படிக்கு,
உங்கள் பழைய வாசகன்,
ஸ்டவாங்கர், நார்வே