பாக்குவெட்டியும் மாத்திரையும்

அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள வாசுகிக்கு,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. மன்னித்துவிடு. வீட்டில் எல்லோரும் சுகம். நம் சுருட்டைக்கு மறுபடியும் பெண் குழந்தை, உன்னை விசாரித்தாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அம்மா பாக்குவெட்டியால் சர்க்கரை மாத்திரையை நறுக்கிக்கொண்டிருந்தார்கள். “பெருசா இருக்கு, தொண்டையில நிக்குது” என்றார்கள். எனக்குப் பகீரென்றது. அது மெதுவாகக் கரைகிற மெட்ஃபார்மின். நறுக்கினால் பல மணி நேரத்துக்கு வர வேண்டிய மருந்து சீக்கிரமே வெளியே வந்துவிடும். அதே மருந்தைக் களிமண்ணில் பிடித்துவைத்து மெதுவாக வெளியே விடத்தான் நான் ஆய்வுக்கூடத்தில் இரண்டு வருடமாகப் பாடுபடுகிறேன், வீட்டில் நடப்பது தெரியவில்லை.

ஆய்வுக்கு நான் எடுப்பது நம் சுண்ணாம்புக் கரட்டு வெள்ளை மண்ணா என்று கேட்டிருந்தாயே, அது மேக்னசைட் என்கிற தாது, களிமண்ணே இல்லை. கெமிஸ்ட்ரி பரீட்சையில் என்னைப் பார்த்து எழுதியவள் வேறு எப்படிக் கேட்பாய்! என்னுடையது மான்ட்மோரில்லோனைட். ஏடு ஏடாக அடுக்கிய களிமண், ஓர் ஏட்டின் கனம் சுமார் 1 நானோமீட்டர். ஏடுகளுக்கு நடுவில் சோடியம் அயனிகள் இருக்கும். நேர்மின்னூட்டம் உள்ள மெட்ஃபார்மின் அவற்றைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். அந்த மண்ணைக் கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட்டில் கலந்து, சிரிஞ்சால் கால்சியம் குளோரைடில் சொட்டவிட்டால் உருண்டைகள் வரும். அசல் சேலத்து ஜவ்வரிசிதான் போ.

மண் சேர்க்காதபோது அந்தக் கால்சியம் கரைசலிலேயே மருந்து கசிந்து ஓடியது. இப்போது மண் சேர்த்த உருண்டைகளை வயிற்றில் இருப்பதுபோல அமிலத்தில் 2 மணி நேரம், அப்புறம் குடலுக்குப் பதிலாக பி.எச். 7.4 கரைசலில், உடம்புச் சூடான 37 டிகிரியில் வைத்துப் பார்த்தேன். முதல் மணி நேரத்திலேயே மருந்து பாய்ந்து வெளியே வருவது அடங்கிவிட்டது! அன்று ஏற்காடு மலையைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் அழுதேன்.

ஆனால் கணக்குப் போட்டதிலிருந்து தூக்கமில்லை. மண் மாற்றிக்கொள்ளும் அயனிகளுக்கு ஓர் எல்லை உண்டு, 100 கிராம் மண்ணுக்கு ஏறக்குறைய 100 மில்லி ஈக்விவலன்ட் (அயனி மின்னூட்டத்தை எண்ணும் அளவு)தான். அப்படியானால் 500 மி.கி. மாத்திரை ஒன்றுக்கு 3 கிராம் மண் வேண்டும். மாத்திரையே தொண்டையில் நிற்கிறது என்பவர்களை மண்ணை விழுங்கச் சொல்வதா? குறைந்த அளவில் கொடுக்கும் மருந்துக்கு மாறு என்கிறார் கைடு. அவர் சொல்வது சரி. எனக்குத்தான் மனசு வரவில்லை, அம்மாவை நினைத்துத்தானே தொடங்கினேன்.

மறுநாளே டாக்டரிடம் போய், சாதாரண மாத்திரையாக இரண்டு வேளைக்கு மாற்றிக்கொண்டோம். ராத்திரி மாத்திரைக்கு நான் பக்கத்திலேயே உட்காருகிறேன்.

உன் மாமியாரும் உடைத்துத்தானே சாப்பிடுவார்கள்? அட்டையில் எஸ்.ஆர்., எக்ஸ்.ஆர். என்று, அதாவது மெதுவாகக் கரைகிற மாத்திரை என்று, இருக்கிறதா என்று இன்றே பார். இருந்தால் டாக்டரைக் கேட்காமல் உடைக்க விடாதே. பார்த்துவிட்டு எழுது.

உன்,
மல்லிகா