மழைக்கால வானத்துக்கும் இடம் தாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலர்க் கண்காட்சி நடக்கும் மே மாதத்திலும், உறைபனி விழும் ஜனவரியிலும் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் நீலகிரியின் படங்கள் நிறைந்திருக்கின்றன. ஜூன் பிறந்துவிட்டாலோ மண்சரிவும் சாய்ந்த மரமும் தவிர வேறு படத்தைக் காண்பது அரிது. அவை அவசியமான செய்திகள்தான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியதைக் கண்ட மாவட்டம் இது. ஆயினும் இந்த மலைகள் ஆண்டிலேயே மிக அழகாக இருப்பது மேகம் திரண்டு நிற்கும் மாதங்களில்தான் என்பதை, கேமராவும் கையுமாக இங்கேயே வாழ்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், பந்தலூர் பக்கம் மழையைக் கொட்டித் தீர்க்கும் நாள்களில், 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரியில் பெரும்பாலும் தூறலும் காற்றும்தான். முகட்டைத் தாண்டி வழியும் மேகம், கீழிறங்கும் காற்று வெப்பமடைவதால், நம் கண்ணெதிரிலேயே கரைந்துபோகிறது. மேற்கே கருமையும் கிழக்கே வெயிலுமாக வானம் இரண்டுபட்டு நிற்கும் அந்த வேளைக்காகத்தான் காத்திருக்க வேண்டும். கோடநாடு காட்சிமுனையில் நின்றால், மேகக் கிழிசல் வழியே இறங்கும் வெயில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் தெங்குமரஹாடா வயல்களின்மேல் ஒரு திட்டாக விழுந்து, மெல்ல நகர்ந்து, எதிரே உள்ள மலைச்சரிவில் ஏறி மறைவதைப் பார்க்கலாம். காலடியில் நனைந்து கிடக்கும் தேயிலைக் கொழுந்து, பின்னணியில் ஈயநிற மேகம் இருப்பதனாலேயே, தெளிந்த வானத்து உச்சிவெயிலில் ஒருபோதும் காட்டாத பச்சையைக் காட்டும். ஐப்பசி பிறந்து வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் மேகம் கிழக்கிலிருந்து ஏறிவர, குன்னூரும் கோத்தகிரியும் மழைமுகமாகிவிடும். குறிஞ்சிக்குரிய பெரும்பொழுதாக, ஐப்பசியும் கார்த்திகையும் சேர்ந்த கூதிரையும், அதையடுத்த முன்பனியையும் வகுத்தவர்கள் மலையை நன்றாகப் பார்த்தவர்கள்.

வானத்தைப் படம்பிடிப்பது ஒரு காலத்தில் பெரும்பாடாக இருந்தது. அன்றைய ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகுதியாக ஏற்றதால் நிலம் தெளிவாகப் பதிந்தபோது வானம் வெளுத்துப்போனது. பிரான்சின் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானுக்கு ஒரு நெகட்டிவ் என்று எடுத்து இரண்டையும் சேர்த்து அச்சிட்டார். கருவியின் குறையை ஈடுகட்ட அவர் செய்த வேலை அது. இன்று அந்தக் குறை இல்லை. கைபேசித் திரையில் மேகத்தின் வெளுத்த பகுதியைத் தொட்டு, வெளிச்சத்தைச் சற்றுக் குறைத்தாலே மேகத்தின் மடிப்புகள் பதிந்துவிடும். அப்படியிருக்க, வேறெங்கோ எடுத்த வானத்தைச் செயலியின் உதவியால் ஒட்டி, ‘ஊட்டியில் இன்று’ என்று பரப்புவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எந்த மாதத்தில் எந்தத் திசையிலிருந்து மேகம் வருகிறது என்று அறிந்த உள்ளூர்க்காரரை அந்தப் படங்கள் ஏமாற்றுவதில்லை, வெளியூர் வாசகரை ஏமாற்றுகின்றன.

ஆதலால், ஜூன் முதல் டிசம்பர் வரை வாரம் ஒரு படமாவது மழைக்கால வானத்துக்கு ஒதுக்க வேண்டுகிறேன். எடுத்த இடம், நாள், நேரம், கேமரா நோக்கிய திசை ஆகியவற்றைப் படத்தின் கீழே அச்சிட்டால் பள்ளி மாணவர்களும் பருவக்காற்றின் போக்கைப் படத்திலேயே படித்துக்கொள்வார்கள். ஒட்டிய வானங்களைத் தயவுசெய்து ஏற்காதீர்கள். இடி கேட்கும் நேரத்தில் மொட்டை முகட்டிலோ கற்பூர மரத்தடியிலோ, மண்சரிவு எச்சரிக்கை உள்ள சாலையோரத்திலோ நின்று எடுத்த படம் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் அதையும் தவிர்த்துவிடுங்கள். வீட்டுத் திண்ணையிலிருந்தே எடுக்கக்கூடிய நல்ல படங்கள் இங்கே ஏராளம்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோத்தகிரி