கூண்டைத் திறந்துவிட்டால் மட்டும் கிளி பிழைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டில் பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம், வைத்திருப்பவர்கள் வனத்துறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழில் வந்த செய்தி தேவையான செய்தி. ஆனால் அபராதத் தொகையோடு செய்தி முடிந்துவிட்டது. அதைப் படித்துப் பயந்துபோன பலர் என்ன செய்வார்கள் தெரியுமா? சாயங்காலம் மொட்டைமாடிக்குப் போய்க் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டு, பாவம் தீர்ந்தது என்று இறங்கிவிடுவார்கள். அந்தக் கிளி மறுநாளே காக்கைக்கோ பூனைக்கோ வல்லூறுக்கோ இரையாகிவிடக்கூடும். அதனால்தான் இந்தக் கடிதம்.

சட்டம் சுருக்கமாக: 1972-ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துக்கு 2022-இல் வந்த திருத்தம் 1.4.2023 முதல் நடப்பில் இருக்கிறது. பாதுகாக்கப்பட்ட உயிரினங்களைப் பட்டியலிடும் அதன் இரண்டாம் அட்டவணையில் பச்சைக்கிளி உள்ளது. பிடிப்பது, விற்பது, வாங்குவது, வளர்ப்பது எல்லாமே குற்றம். 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "பத்து வருஷமாகப் பிள்ளை மாதிரி வளர்க்கிறோம்" என்ற பேச்சு அங்கே எடுபடாது.

இனி கிளிக்கு வருவோம். இறக்கையை மெதுவாக விரித்துப் பாருங்கள். வெளிவிளிம்பில் நீளமான பறக்கும் இறகுகள் பத்து இருக்க வேண்டும். விற்றவர் கத்தரி போட்டிருந்தால் நுனி கூராக இல்லாமல் மட்டமாக இருக்கும். நடுத்தண்டு வெட்டுப்பட்ட வெள்ளைக் குழலாகத் தெரியும். வெட்டிய இறகு நம் நகம் போல வளராது. பழைய தண்டு உதிர்ந்து புது இறகு முளைத்தால்தான் உண்டு. இறகுதிர்ப்பு ஆண்டுக்கு ஒருமுறை என்பதால் சில கிளிகள் ஏறக்குறைய ஒரு வருடம் காத்திருக்க நேரும். சீக்கிரம் முளைக்கட்டும் என்று தண்டைப் பிடுங்குகிறவர்களும் இருக்கிறார்கள். அது கொடுமை மட்டுமல்ல, முட்டாள்தனமும்கூட. இறகுக்குழி புண்ணாகி, அடுத்த இறகு கோணலாக வரும், அல்லது வராமலே போகும்.

இறகு முழுதாக இருந்தாலும் போதாது. வாலோடு 40 செ.மீ. நீளமுள்ள பறவையை ஒன்றரை அடிக் கூண்டில் வருடக்கணக்கில் வைத்தால் நெஞ்சுத் தசை வற்றிவிடும். பத்தடி பறப்பதற்குள் மூச்சு வாங்கித் தரையில் இறங்கிவிடும். குஞ்சிலிருந்து கையில் வளர்ந்ததென்றால் இன்னும் மோசம்: வேப்பம்பழத்தையோ கம்பங்கதிரையோ கண்டால் தின்னத் தெரியாது, மனிதரைக் கண்டால் பயப்படவும் தெரியாது. பசித்ததும் பக்கத்துத் தெரு ஜன்னலில் போய் உட்காரும், மறுபடியும் கூண்டுக்குள் போகும். நீளமான பறவைக்கூடத்தில் தன் இனத்தோடு விட்டு, காய் கதிரோடு தீனி வைத்து, நிற்காமல் பறக்கிற பலம் வந்த பிறகே வெளியே விட வேண்டும். வீட்டில் இது நடக்காது.

இன்னொரு ஆபத்து நோய். கடைகளில் வெளிநாட்டுக் கிளிகளோடு அடைபட்டிருந்த பறவைக்கு அலகு–இறகு நோய் தொற்றியிருக்கலாம். முளைக்கிற இறகு சுருங்கி உதிரும், அலகு நீண்டு வெடிக்கும். இந்த வைரஸுக்கு மருந்து இல்லை. அப்படிப்பட்ட ஒரு கிளியை மாடியிலிருந்து பறக்கவிட்டால் ஊரில் உள்ள கிளிக்கூட்டத்துக்கே அதைக் கொடுத்ததாகும். நமக்குத் தொற்றுகிற கிளிக்காய்ச்சலும் உண்டு; காய்ந்த எச்சத்தூள் மூச்சில் போவதால் வருவது. கூண்டை விளக்குமாற்றால் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டில் யாருக்காவது விடாத காய்ச்சலோடு வறட்டு இருமலும் வந்தால் கிளி இருப்பதை மருத்துவரிடம் சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்துக்குக் கட்டுப்படும் நோய்தான், சொன்னால்தான் தெரியும்.

ஒப்படைப்பது அருகிலுள்ள வனச்சரக அலுவலகத்தில். தொங்கும் கூண்டோடு பஸ்ஸில் கொண்டுபோனால் கிளி அடித்துக்கொண்டு அலகையும் வாலையும் உடைத்துக்கொள்ளும். கனமான அட்டைப்பெட்டியில் பக்கவாட்டில் விரல் பருமனுக்கு ஏழெட்டு ஓட்டை போட்டு, அடியில் பழைய துண்டு விரித்து, ஒரு துண்டு கொய்யா போட்டு மூடினால் இருட்டில் அமைதியாக வரும். தண்ணீர்க் கிண்ணம் வேண்டாம், சிந்தி நனைத்துவிடும். கொடுத்ததற்கு எழுத்தில் ஒப்புகை கேட்டு வாங்குங்கள்.

அதுவரை என்ன கொடுப்பது? பால்சோறு கூடவே கூடாது. பாலில் உள்ள சர்க்கரையைப் பறவையால் செரிக்க முடியாது, கழிச்சல்தான் வரும். வெறும் சூரியகாந்தி விதையும் தப்பு: கொழுப்பு ஈரலில் சேரும், ஏ வைட்டமின் குறைந்து மூக்கடைக்கும், வாய்க்குள் வெள்ளைத் திட்டு வரும். முளைகட்டிய கம்பு, தினை, முருங்கைக்கீரை, கேரட், கொடுக்காப்புளி போதும். பழமிளகாய் கொடுக்கலாம். கிளிக்குக் காரம் உறைக்காது, நல்ல சத்தும்கூட. நம் பாட்டிமார் செய்ததில் இது ஒன்று சரி. நான்ஸ்டிக் சட்டி காய்ந்து புகையும் சமையலறைப் பக்கம் கூண்டை வைக்காதீர்கள்; அந்தப் புகையில் சில நிமிடத்தில் செத்துவிடும்.

மரம் விழுந்து குஞ்சு கிடைத்தால் முதலில் பக்கத்து மரத்தில் பெட்டி கட்டி வைத்துப் பாருங்கள், தாய் தேடி வரும். மனிதக் கை பட்டால் ஒதுக்கிவிடும் என்பது கட்டுக்கதை. முடியாதபோது வனத்துறையினர் வரும்வரை ஊட்ட வேண்டியிருந்தால் கூழ் 39 முதல் 41 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். 43-ஐத் தாண்டினால் கழுத்தடித் தீனிப்பை வெந்து ஓட்டை விழும். ஆறிப்போனால் செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். ஒரு வேளைக்கு உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கிராம் குஞ்சுக்கு 6 மில்லி. பை வற்றாமல் அடுத்த வேளை கூடாது.

கிளியைக் கொடுத்த கையோடு சிலர் கடைக்குப் போவார்கள். நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்பது பெரும்பாலும் ஆஸ்திரேலியாவின் பட்ஜி என்ற குட்டிக் கிளி. அதற்கும் காக்கட்டீல் என்ற கொண்டைக் கிளிக்கும் அரசுப் பதிவு தேவையில்லை. சன் கானூர், ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி போன்ற வெளிநாட்டுக் கிளிகளை, உயிருள்ள விலங்குகளைப் பதிவதற்கான 2024 விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிய வேண்டும். ரசீதும் காகிதமும் இல்லாமல் வாங்காதீர்கள். பட்ஜி முட்டையிடத் தொங்கவிடும் மண்கலயத்தின் வழவழப்பான அடியில் குஞ்சுக்குக் கால் பிடிமானம் கிடைக்காமல் இரண்டு பக்கமும் விரிந்துபோகும். ஓர் அங்குலம் மரச்சீவல் போட்டால் போதும். சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் மீனின் ஓடு எப்போதும் கூண்டில் இருக்கட்டும். வருடத்துக்கு இரண்டு ஈடு, அதாவது இரண்டு முறை முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து ஆனதும் கலயத்தை எடுத்துவிடுங்கள். எடுக்காவிட்டால் விடாமல் இட்டு, சுண்ணாம்புச் சத்து தீர்ந்து, முட்டை அடைத்துப் பெட்டை சாகும்.

கடைசியாக ஒன்று. பச்சைக்கிளி இங்கே டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கிறது. புதுப்பொந்து தோண்டாது. மரங்கொத்தியும் குக்குறுவானும் விட்டுப்போன பொந்தைக் கொறித்து அகலமாக்கிக்கொள்ளும். பட்டுப்போன பனையும் தென்னையும் அதற்கு வீடு. பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021-இல் அரசு அறிவித்தது. ஆனால் தலை போன பனை என்றால் சூளை விறகுதானே என்று சாய்த்துவிடுகிறார்கள். முட்டைக்கு மூன்று வாரம், குஞ்சு பறக்க ஏழு வாரம். உங்கள் வயலோரத்தில் மொட்டைப்பனை நின்றால் சித்திரை முடியும்வரை விட்டுவையுங்கள்.

வனத்துறை அறிவிப்பும் பிப்ரவரிக்கு முன்பே வர வேண்டும். குஞ்சுகள் சந்தையில் விற்றுத் தீர்ந்த பிறகு வந்து பயனில்லை. தாங்களும் அடுத்த முறை மாவட்டவாரியாக வனச்சரக அலுவலகத் தொலைபேசி எண்களைச் சேர்த்து ஜனவரியிலேயே வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
பறவை ஆர்வலர்,
திருநெல்வேலி