ஐந்து படம் பார்த்தவன் கணக்கு

ஆசிரியருக்கு வணக்கம்.

திரைப்பட விழாவில் ஒரே நாளில் ஐந்து படம் பார்ப்பது எப்படி என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முந்தைய இரவே அட்டவணையில் வட்டம் போட்டு வைப்பது, ஏ.சி. குளிருக்கு ஒரு சால்வை, ஓர இருக்கை என்று கட்டுரையாளர் தரும் யோசனைகள் எல்லாம் சரிதான். நானும் அப்படித்தான் போனேன். ஐந்தும் பார்த்தேன். அதனால்தான் இந்தக் கடிதம்.

காலைப் படத்தில் குறையில்லை. புத்துணர்ச்சியோடு உட்கார்ந்த கண்ணுக்குத் திரையில் தூசி பறப்பதுகூடத் தெரிந்தது. இரண்டாவது படம் தொடங்க 40 நிமிடம் தாமதம். இப்போதெல்லாம் படம் சுருளாக வருவதில்லை. பூட்டிய டிஜிட்டல் கோப்பாக ஹார்ட் டிஸ்கில் வருகிறது. அதற்கான சாவியும் ஒரு கோப்புதான், அது தனியாக வரும். குறிப்பிட்ட அரங்கின் கருவியில், குறித்த நேரத்துக்குள் மட்டுமே அது திறக்கும். அன்று வந்திருந்த சாவி வேறு அரங்குக்கு உரியதாம். பூட்டு இருக்கிறது, படம் இருக்கிறது, அரங்கு நிறைய ஆளும் இருக்கிறோம். இதற்கு யாரைத் திட்டுவது? ஆபரேட்டர் அறையின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் போனைக் காதில் வைத்தபடி குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டே இருந்தார். பாவமாகத்தான் இருந்தது.

என் புகார் அந்தத் தாமதத்தைப் பற்றியது அல்ல. படத்துக்கும் படத்துக்கும் நடுவே அட்டவணையில் 15 நிமிடம்தான் விட்டிருந்தார்கள். ஒன்று சறுக்கியதும் அடுத்தடுத்து எல்லாம் சறுக்கின. இழந்த நேரத்தை எங்கே பிடித்தார்கள் தெரியுமா? படத்தின் கடைசிக் காட்சி முடிந்து பெயர்கள் ஓட ஆரம்பித்ததுமே விளக்கைப் போட்டுவிட்டார்கள். இருட்டில் மனசு ஒருநிலைக்கு வருவதற்குள் 'வெளியே வாங்க, அடுத்த காட்சிக்கு வரிசை நிக்குது' என்று குரல். அதைவிட மோசம், அந்தப் படத்தின் இயக்குநர் கலந்துரையாடலுக்காக வந்திருந்தார். மைக்கைக் கையில் கொடுத்தார்கள். நன்றி சொன்னார். ஒரே ஒரு கேள்வி. மொழிபெயர்ப்பாளர் அந்தக் கேள்வியைச் சொல்லி முடிக்கும்போதே மேடையருகே ஒருவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். பதில் சொல்ல வாயெடுத்த மனிதர் சிரித்துவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுத்தார். கண்டம் தாண்டி வந்தவர்!

மூன்றாவது படத்தில் தூங்கிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். பார்ப்பவரைத் தூங்கவைக்கும் படங்களைத் தனக்குப் பிடிக்கும் என்று ஈரானிய இயக்குநர் அப்பாஸ் கியரோஸ்தமி சொன்னதை நினைத்துத் தேற்றிக்கொண்டேன். நான்காவதில் சப்டைட்டில் திரைக்குக் கீழே தனிப் பலகையில் ஓடியது. அதை ஒருவர் கையால் தள்ளிக்கொண்டிருந்தார் போல. ஒரு வரி முந்திவிட்டது. பாத்திரம் வாயைத் திறப்பதற்கு முன்பே அரங்கம் சிரித்தது. அவர் சொன்னபோது அமைதி. கூர்ந்து கேட்கும் தெம்பு இருந்திருந்தால் எரிச்சலாவது வந்திருக்கும். அந்த நேரத்தில் எனக்கு அதுவும் வரவில்லை. ஐந்தாவதைப் பற்றி என்ன சொல்ல, முன்வரிசைக்காரரின் தலை நன்றாக நினைவிருக்கிறது.

மறுநாள் நண்பர் ஒருவரிடம், வேலைபோன லாரி ஓட்டுநரும் அவர் மகளும் கடைசியில் கடலைப் பார்க்கப் போகும் கதையை உருகிச் சொன்னேன். அவரும் அதே விழாவுக்கு வந்தவர். 'ஓட்டுநர் ஒரு படம், கடல் இன்னொரு படம்' என்றார்.

ஒரே அமர்வில் பல படம் என்பது புதிதல்ல, தெரியும். 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸில் சினிமாவின் முன்னோடிகளான லூமியர் சகோதரர்கள் காசு வாங்கிக்கொண்டு காட்டியதே 10 படங்கள். ஆனால் ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்கும் குறைவு! 2016 பெர்லின் விழாவின் போட்டிப் பிரிவில் பிலிப்பைன்ஸ் இயக்குநர் லாவ் டியாஸின் எட்டு மணி நேரப் படத்தைத் திரையிட்டபோது நடுவில் இடைவேளை விட்டார்கள். ஒரே படத்துக்கே மூச்சுவிட நேரம் வேண்டியிருக்கிறது. வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு மொழிப் படங்கள் ஐந்துக்கு நடுவே கால் மணி நேரமா?

அரங்கு வாடகை, கிடைத்த சில நாட்களுக்குள் எல்லாப் படத்தையும் காட்டியாக வேண்டிய நெருக்கடி என்று விழா நடத்துபவர்களுக்கு ஆயிரம் கஷ்டம் இருக்கும். இருந்தாலும் ஒரு அரங்கில் நாளுக்கு ஒரு காட்சியைக் குறைத்து, நடுவே முக்கால் மணி நேரம் விட்டுப் பார்க்கட்டும். அந்த நேரத்தில் யாரும் சும்மா இருக்கப்போவதில்லை. முன்பின் தெரியாதவரிடம் 'அந்தப் பெண் ஏன் கடிதத்தைக் கிழித்தாள்?' என்று கேட்பதும், அவர் நாம் நினைக்காத பதில் ஒன்றைச் சொல்வதும் படிக்கட்டில்தான் நடக்கிறது. வீட்டில் தனியாகப் படம் பார்த்தால் அந்தப் படிக்கட்டு கிடைக்காது.

கட்டுரை எழுதியவருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஐந்து படம் பார்த்துவிட்டு எழுதும்போது, நான்காவது படம் எப்படி முடிந்தது என்பதையும் ஒரு வரி சேர்க்கட்டும். எனக்கு ஞாபகமில்லை.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகன்